வீட்டு நீச்சல் குளத்தை வாடகைக்கு விடுதல்

வீட்டு நீச்சல் குளத்தை வாடகைக்கு விடுதல் என்பது, ஒருவர் தம் குடும்பத்தின் பயன்பாட்டுக்காக வீட்டுப் பின்புறத்தில் கட்டிய நீச்சல் குளத்தை, முன்பின் அறிமுகமில்லாதவர்களுக்கு மணிக்கணக்கில் கட்டணம் பெற்றுக்கொண்டு பயன்படுத்தக் கொடுப்பதாகும். குளத்தின் பராமரிப்புச் செலவை ஈடுகட்டவும் கூடுதல் வருமானம் பெறவும் உரிமையாளர்கள் இதில் இறங்குகின்றனர். 2017, 2018ஆம் ஆண்டுகளில் பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே இணையத்தளங்களும் செயலிகளும் தோன்றின.

விடுமுறை வீடுகளை வாடகைக்கு விடுவது வேறு, இது வேறு. சென்னையை அடுத்த கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நீச்சல் குளத்துடன் கூடிய கடற்கரை வீடுகளும் பண்ணை வீடுகளும் நாள் வாடகைக்கு விடப்படுகின்றன. அங்கே வாடகைக்குப் போவது வீடு. குளம் அதனுடன் சேர்ந்து வருகிறது. இங்கே உரிமையாளர் குடும்பத்துடன் வீட்டிலேயே இருப்பார். வருபவர்கள் பக்கவாட்டுக் கதவு வழியாகப் பின்புறம் சென்று, இரண்டு மூன்று மணி நேரம் குளித்துவிட்டுப் போய்விடுவார்கள். இவ்வழக்கம் அமெரிக்காவில் மிகவும் பரவியுள்ளதால் இக்கட்டுரையும் அந்நாட்டு நிலைமைகளையே முதன்மையாகக் கொள்கிறது.

பின்னணி

அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு கோடி வீட்டு நீச்சல் குளங்கள் உள்ளன. பொதுக் குளங்களின் எண்ணிக்கை மூன்று இலட்சத்தை ஒட்டியே இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வுக்கு ஒரு வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க நகராட்சிகள் பெரிய பொதுக் குளங்களைக் கட்டின. ஆயிரக்கணக்கானோர் அவற்றில் குளித்தனர். ஆனால் பல ஊர்களில் கறுப்பின மக்களுக்கு அங்கே இடம் இல்லை. இன ஒதுக்கலுக்கு எதிராக நீதிமன்றங்கள் தீர்ப்பளிக்கத் தொடங்கியதும், சில நகராட்சிகள் எல்லோரையும் உள்ளே விடுவதைவிடக் குளத்தையே மூடிவிடுவது மேல் என்று முடிவு செய்தன. மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரம் அப்படிச் செய்தது. அது தொடர்பான வழக்கில், நகரம் குளங்களை மூடியது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

வசதி படைத்த வெள்ளையர்கள் தனியார் மன்றங்களுக்கும் தங்கள் வீட்டுப் பின்புறங்களுக்கும் நகர்ந்தனர். தரையில் தோண்டிக் கட்டிய வீட்டுக் குளங்கள் 1950இல் சில ஆயிரமே இருந்தன. நூற்றாண்டு முடிவதற்குள் அவை பல இலட்சங்களாயின. இப்படிக் கட்டிய குளங்கள் பெரும்பாலான நாள்களில் வெறுமையாகவே கிடக்கின்றன. பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்போது கட்டுகிறார்கள். பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய பின் மோட்டாரும் குளோரினும் மட்டும் மாதாமாதம் செலவு வைக்கின்றன. மறுபுறம், பக்கத்துத் தெருவிலேயே நீச்சல் கற்றுக்கொள்ள இடமில்லாத குடும்பங்கள் இருக்கின்றன. குள வாடகைத் தொழில் இந்த இடைவெளியில்தான் முளைத்தது.

செயலிகளின் தோற்றம்

பிரான்ஸில் 2017இல் ஸ்விம்மி என்னும் தளம் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் பெயர் பெற்றது ஸ்விம்ப்ளி. அதைத் தொடங்கிய புனிம் லாஸ்கின் நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்தவர். பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்தின் மூத்தவர். கோடைக்காலத்தில் தம்பி தங்கைகளைக் குளிக்க அழைத்துச் செல்ல இடம் தேடியவர், அண்டை வீட்டுக் குளம் பயன்படாமல் கிடப்பதைக் கண்டு, அதன் செலவில் ஒரு பங்கைத் தாம் ஏற்பதாகச் சொல்லி அனுமதி கேட்டார். வேறு சில குடும்பங்களும் அதே ஏற்பாட்டில் சேர்ந்துகொள்ள, அந்த வீட்டுக்காரரின் குளச் செலவு முழுவதும் ஈடாகிவிட்டது. பிறகு கூகுள் எர்த் படங்களில் குளமுள்ள வீடுகளைத் தேடிக் கதவைத் தட்டிக் கேட்டு, 2018இல் நான்கு குளங்களுடன் அவர் தொழிலைத் தொடங்கினார்.

2020இல் கொரோனா பெருந்தொற்றால் பொதுக் குளங்கள் மூடப்பட்டபோது இத்தொழில் திடீரென வளர்ந்தது. வெளியாரோடு கலக்காமல் ஒரு குடும்பம் மட்டும் தனித்துக் குளிக்கலாம் என்பதே அன்று பெரிய ஈர்ப்பாயிற்று. பின்னர் ஸ்விம்ப்ளி கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் விரிந்தது.

நடைமுறை எளிமையானது. உரிமையாளர் குளத்தின் படங்கள், ஆழம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் வரலாம், கழிப்பறை உண்டா, வண்டி நிறுத்த இடமுண்டா, பாட்டுப் போடலாமா போன்ற விவரங்களைப் பதிவேற்றி, மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வைப்பார். வருபவர் முன்பதிவு செய்து செயலி வழியாகப் பணம் கட்டுவார். ஸ்விம்ப்ளி உரிமையாளரிடம் 15 விழுக்காடும் வருபவரிடம் 10 விழுக்காடும் தரகாக எடுத்துக்கொள்வதாக 2021 வாக்கில் செய்திகள் வந்தன.

பணம் கைமாறும்போது மாறுவது

நண்பர் குடும்பத்தோடு வந்து நம் வீட்டுக் குளத்தில் குளிப்பதற்கும், முன்பதிவு செய்த ஒருவர் வந்து குளிப்பதற்கும் பார்வைக்கு வேறுபாடு எதுவும் தெரியாது. அதே குளம், அதே தண்ணீர், அதே ஐந்தாறு பேர். ஆனால் பணம் வாங்கியவுடன் சட்டம், காப்பீடு, சுகாதாரத் துறை, நகராட்சி ஆகிய நான்கின் பார்வையிலும் அந்தக் குளம் வேறொன்றாகிவிடுகிறது. இதில் இறங்கும் பலர் பின்னாளில்தான் இதை உணர்கின்றனர்.

முதலில் பொறுப்பு. அமெரிக்காவின் பல மாநிலங்களில், விருந்தாளியாக வந்தவருக்கும் வணிக நோக்கில் வரவழைக்கப்பட்டவருக்கும் வீட்டுக்காரர் காட்ட வேண்டிய கவனம் ஒரே அளவினதன்று. விருந்தாளியிடம், தமக்குத் தெரிந்த ஆபத்தைச் சொல்லி எச்சரித்தால் போதும். கட்டணம் செலுத்தி வந்தவருக்கோ, தமக்குத் தெரியாத ஆபத்தையும் தேடிப் பார்த்துச் சரிசெய்து வைத்திருக்க வேண்டும். படிக்கட்டின் கைப்பிடி ஆடுவது எனக்குத் தெரியாது என்பது இங்கே மறுமொழி ஆகாது. 'எது நடந்தாலும் வீட்டுக்காரர் பொறுப்பல்ல' என்று எழுதி வாங்கும் ஒப்புதல் பத்திரம் ஓரளவுக்குக் காக்கும். கடும் அலட்சியத்தால் நேர்ந்ததை அது காக்காது. குழந்தைக்காகப் பெற்றோர் போட்ட கையெழுத்தைப் பல மாநில நீதிமன்றங்கள் ஏற்பதுமில்லை. குளத்தில் ஆபத்துக்கு உள்ளாகிறவர்களில் குழந்தைகளே முதன்மையானவர்கள் என்பதால், அந்தப் பத்திரம் எங்கே மிகவும் தேவைப்படுகிறதோ அங்கேயே அது வலுவிழந்து போகிறது.

அடுத்தது காப்பீடு. வழக்கமான வீட்டுக் காப்பீடு, வீட்டில் நடக்கும் வணிகத்தால் ஏற்படும் இழப்பைப் பொதுவாக விலக்கியே வைத்திருக்கும். குளத்தை வாடகைக்கு விடுவதை அறிவிக்காமல் இருந்துவிட்டு விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். காப்பீட்டையே நீக்கவும் செய்யலாம். செயலி நிறுவனங்கள் தங்கள் தரப்பில் ஒரு காப்பு அளிக்கின்றன. ஸ்விம்ப்ளி பத்து இலட்சம் டாலர் வரையிலான பொறுப்புக் காப்பை விளம்பரப்படுத்தியது. தொகை பெரிதாகத் தெரிந்தாலும், நீரில் மூழ்கி மூளை பாதிக்கப்பட்ட ஒரு குழந்தையின் வாழ்நாள் மருத்துவச் செலவு அதைத் தாண்டக்கூடும். அந்தக் காப்பில் எவையெவை விலக்கப்பட்டுள்ளன என்று ஒப்பந்தத்தின் சிறு எழுத்துகளைப் படித்துப் பார்ப்பதும், தம் காப்பீட்டு முகவரிடம் எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் பெறுவதும் முதல் விருந்தினர் வருவதற்கு முன் செய்ய வேண்டியவை.

மூன்றாவது, குளம் 'தனியார் குளம்' என்ற நிலையை இழப்பது. இதற்குப் பின்னால் ஒரு துயரமான நிகழ்வு இருக்கிறது. 2002இல் வர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி, வெந்நீர்த் தொட்டியின் அடியில் தண்ணீரை உறிஞ்சும் துளையில் சிக்கிக்கொண்டாள். மோட்டாரின் இழுவிசை அவளை அடியோடு பிடித்து வைத்தது. பெரியவர்கள் சேர்ந்து இழுத்து விடுவித்தும் அவளைக் காப்பாற்ற முடியவில்லை. அவள் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி. அவளுடைய தாய் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக 2007 டிசம்பரில் அவள் பெயரிலேயே ஒரு கூட்டாட்சிச் சட்டம் நிறைவேறியது. பொதுக் குளங்கள் அனைத்திலும், உடலோ தலைமுடியோ சிக்காதபடி வடிவமைத்த மூடிகளைப் பொருத்துவது ஓராண்டுக்குப்பின் கட்டாயமாயிற்று. ஒரே ஓர் உறிஞ்சுதுளை மட்டும் உள்ள குளங்களில், துளை அடைபட்டால் இழுவிசையை உடனே நிறுத்தும் இரண்டாவது பாதுகாப்பும் பொதுவாகத் தேவை.

அச்சட்டத்தின்படி, கட்டணத்துடனோ இலவசமாகவோ பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட குளம் பொதுக் குளமாகும். செயலியில் பதிவு செய்த எவரும் வரலாம் என்று வைத்திருக்கும் வீட்டுக் குளம் இதில் அடங்குமா என்பதே கேள்வி. விஸ்கான்சின் மாநில அதிகாரிகள், இப்படி வாடகைக்கு விடும் குளங்களைப் பொதுக் குளமாகவே கருத வேண்டும், அதற்குரிய உரிமம் வேண்டும் என்ற நிலைப்பாட்டை எடுத்தனர். செயலி நிறுவனங்களோ, ஒரு நேரத்தில் ஒரே குழுவுக்கு மட்டும் விடுவதால் அது தனியார் குளமே என்று வாதிடுகின்றன. இவ்வாதத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது: நூறு பேர் ஒன்றாகக் குளிக்கும் நகராட்சிக் குளத்துக்கு எழுதிய விதிகளை ஆறு பேர் குளிக்கும் இடத்தில் அப்படியே பொருத்துவது கடினம். ஆனால் உறிஞ்சுதுளைக்கு ஆறு பேரா நூறு பேரா என்பது தெரியாது. சட்டம் கட்டாயப்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், பழைய குளத்தை வாடகைக்கு விடும் ஒருவர் அடிமூடியை முதலில் மாற்றிவிடுவதே முறை. ஒரு குளத்தின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் மூடியின் விலை அற்பம்.

நான்காவது நகராட்சி. குடியிருப்பு மண்டலத்தில் வணிகம் நடத்தத் தடை இருக்கலாம். குடியிருப்போர் சங்கத்தின் விதிகள் அதைவிடக் கடுமையாக இருக்கலாம். நடைமுறையில் இந்த விதிகளை எழுப்பிக் கொண்டு வருவது பெரும்பாலும் அதிகாரியல்லர், பக்கத்து வீட்டுக்காரர்தான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நான்கு வண்டிகள் தெருவை அடைத்து நிற்க, வேலிக்கு அப்பால் ஒலிபெருக்கி அலறினால் அவர் புகார் எழுதுவதில் வியப்பில்லை. தொடங்குவதற்கு முன்பே அவரிடம் சொல்லி, தொலைபேசி எண்ணையும் கொடுத்து வைத்தவர்களுக்குத் தொல்லை குறைவு.

நீரின் தூய்மை

நான்கு பேர் குளிக்கும் குளத்தில் திடீரெனப் பன்னிரண்டு பேர் இறங்கினால் தண்ணீரின் கணக்கே மாறிவிடும். வியர்வை, சிறுநீர், வெயிலுக்குப் பூசும் களிம்பு ஆகியவை குளோரினோடு சேர்ந்து குளோரமைன் என்னும் சேர்மங்களை உண்டாக்குகின்றன. கண் எரிச்சலுக்கும், 'குளோரின் வாடை' என்று நாம் சொல்லும் நெடிக்கும் இவையே காரணம். வாடை அடித்தால் குளோரின் தாராளமாக இருக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது, இருந்த குளோரின் அழுக்கோடு போராடித் தீர்ந்துகொண்டிருப்பதன் அடையாளம். இறங்கும் முன் ஒரு நிமிடம் உடலை நன்றாகக் கழுவிக்கொண்டாலே இதில் பெரும்பகுதி தவிரும். ஆகவே வெளியே ஒரு குழாய்க் குளியல் வசதி வைப்பது, விலையுயர்ந்த சாய்வு நாற்காலிகள் வாங்குவதைவிடப் பயனுள்ளது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையத்தின் பரிந்துரைப்படி, குள நீரின் பிஎச் அளவு 7க்கும் 7.8க்கும் இடையிலும், தனிக் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 1 மில்லிகிராமும் இருக்க வேண்டும். வெயிலில் குளோரின் சிதையாமலிருக்கச் சயனூரிக் அமிலம் சேர்த்திருந்தால் குறைந்தது 2 மில்லிகிராம் தேவை. பிஎச் 8ஐ நெருங்கினால், குளோரின் போதுமான அளவு இருந்தும் கிருமியைக் கொல்லும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். வாரம் ஒரு முறை சோதித்துப் பார்த்துப் பழகிய வீட்டுக்காரர், வாடகைக்கு விடும் நாள்களில் ஒவ்வொரு குழுவுக்கு முன்னும் சோதிக்க வேண்டியிருக்கும்.

யாரும் பேச விரும்பாத, ஆனால் நிச்சயம் ஒருநாள் நேரக்கூடிய ஒன்று, தண்ணீரில் குழந்தை மலம் கழித்துவிடுவது. நீச்சலுக்கென விற்கும் அரைக்கச்சைகள் அதை முழுவதும் தடுக்கா. கெட்டியான மலமாயின், எல்லோரையும் வெளியேற்றி, அதை அகற்றிவிட்டுக் குளோரினை 2 மில்லிகிராமாக உயர்த்தி, அரை மணி நேரம் விட்டால் போதும். வயிற்றுப்போக்காயின் நிலைமை வேறு. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி, வழக்கமான அளவு குளோரின் உள்ள நீரில் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடிருக்கும். அதை ஒழிக்க, நிலைப்படுத்தி சேர்க்காத நீரில் குளோரினை லிட்டருக்கு 20 மில்லிகிராமாக உயர்த்தி 12 மணி 45 நிமிடம் வைத்திருக்க வேண்டும். நிலைப்படுத்தி இருந்தால் இன்னும் நீண்ட நேரமாகும். 32 அடி நீளம், 16 அடி அகலம், சராசரி 5 அடி ஆழம் உள்ள குளத்தில் சுமார் 72,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதற்கு ஏறத்தாழ 1.4 கிலோ குளோரின், அதாவது குளங்களுக்கென விற்கும் திரவக் குளோரின் 12 லிட்டர் அளவுக்கு ஊற்ற வேண்டும். அன்று மாலை, மறுநாள் காலை முன்பதிவுகளை நீக்கிப் பணத்தைத் திருப்பித் தரவும் வேண்டும். முன்பதிவைக் கைவிட மனமின்றி மேலோட்டமாக அள்ளிப் போட்டுவிட்டு அடுத்த குழுவை இறக்குவதுதான் இத்தொழிலில் செய்யக்கூடிய மிக மோசமான செயல்.

கண்ணாடிப் பொருள்களையும் குளத்தருகே அனுமதிக்கக் கூடாது. உடைந்த கண்ணாடி நீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் முழுவதையும் வெளியேற்றித் துடைக்க வேண்டிவரும்.

குழந்தைகளும் வேலியும்

அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளின் இறப்புக்கு முதற்காரணம் நீரில் மூழ்குவதே. மூழ்கும் குழந்தை கத்துவதில்லை, கையை வீசி அழைப்பதுமில்லை. பேசிக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்குச் சில அடி தூரத்தில் சத்தமின்றி அது நடந்துவிடும். வாடகைக் குளத்தில் உயிர்காப்பாளர் இருப்பதில்லை. உரிமையாளரும் வருபவர்களின் தனிமைக்கு இடம்விட்டு வீட்டுக்குள் போய்விடுவார். ஆகவே யார் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார் என்பது வரும் குழுவுக்குள் பெயர் சொல்லி முடிவு செய்யப்பட வேண்டிய விஷயம். வரவேற்கும்போதே 'இப்போது தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார்' என்று உரிமையாளர் கேட்டுவிடுவது நல்லது. பத்துப் பேர் கூடிய இடத்தில், எல்லோரும் பார்க்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்வதால்தான் ஒருவரும் பார்ப்பதில்லை.

வீட்டு மனையைச் சுற்றிய மதிலின் நான்காம் பக்கமாக வீட்டையே கொண்ட அமைப்பைவிட, குளத்தை மட்டும் நான்கு பக்கமும் சூழ்ந்த வேலி குழந்தைகள் மூழ்கும் ஆபத்தை 83 விழுக்காடு குறைப்பதாக மேற்சொன்ன மையம் குறிப்பிடுகிறது. வேலி குறைந்தது 4 அடி உயரமும், தானே மூடித் தானே தாழிட்டுக்கொள்ளும் கதவும் கொண்டிருக்க வேண்டும். பிரான்ஸில் 2003 ஜனவரிச் சட்டம், தரையில் பதித்த தனியார் குளங்களுக்கும் வேலி, எச்சரிக்கை மணி, மூடுவிரிப்பு, மேற்கூடு ஆகியவற்றுள் ஒன்றைக் கட்டாயமாக்கியது. வாடகைக்கு விட்டாலும் விடாவிட்டாலும் அங்கே இது பொருந்தும்.

வரவு செலவு

நியூ ஜெர்சி போன்ற வடமாநிலங்களில் குளிக்கும் பருவம் மே மாத இறுதியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை, ஏறத்தாழ 14 வாரங்கள்தான். எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 45 டாலர், ஒரு முன்பதிவு இரண்டு மணி நேரம் என்றால் 90 டாலர். 15 விழுக்காடு தரகு போக 76.50 டாலர் கைக்கு வரும். சனி, ஞாயிறுகளில் நாளுக்கு இரண்டு என்று 56 முன்பதிவுகள் கிடைக்கலாம். மழை, இடி, சொந்தப் பயன்பாடு போக 45 என்று கொள்வோம். மொத்தம் சுமார் 3,440 டாலர். கூடுதல் வேதிப்பொருள்களுக்கும் துப்புரவுக்கும் முன்பதிவுக்கு 15 டாலர் வீதம் 675, கூடுதல் காப்பீட்டுக்கு 800, கழிப்பறைப் பொருள், குப்பை, மின்சாரம் ஆகியவற்றுக்கு 300 என்று வைத்தால் மிச்சம் 1,665 டாலர் அளவில் நிற்கும். ஒவ்வொரு முன்பதிவுக்கும் சோதனை, துப்புரவு, கடிதப் போக்குவரத்து என ஒன்றரை மணி நேர உழைப்பு எனக் கொண்டால், மணிக்கு 25 டாலர் கூலி. ஃபுளோரிடா, அரிசோனா, தென் கலிபோர்னியா போன்ற வெப்பப் பகுதிகளில் பருவம் நீளும். பெரும் வருமானம் ஈட்டியதாகச் செய்திகளில் வருபவர்கள் வாரம் முழுவதும் நாளுக்கு ஐந்தாறு குழுக்களை ஏற்பவர்கள். அது கூடுதல் வருமானமல்ல, முழுநேரத் தொழில்.

குளத்தின் ஆண்டுச் செலவு ஈடானால் போதும் என்று தொடங்குபவர்களுக்கே இது ஒத்துவருகிறது. லாஸ்கின் தம் அண்டை வீட்டாரிடம் முதலில் முன்வைத்ததும் அந்த அளவிலான ஏற்பாடே. தெரிந்த மூன்று நான்கு குடும்பங்களை மட்டும் வாரம் ஒரு குறித்த நேரத்தில் வரவிட்டால் வருமானம் குறையும். ஆனால் யாருடைய குழந்தைக்கு நீந்தத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பது வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும்.

மின்செலவில் மிச்சம் பிடிக்க வழியுண்டு. வேகத்தை மாற்றக்கூடிய மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓட்டினால் மின்சாரம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. அமெரிக்காவில் 2021 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள மின்திறன் விதிகளால் புதிய குள மோட்டார்களில் பெரும்பாலானவை இவ்வகையினவே. விருந்தினர் உள்ள நேரத்திலும் அவர்கள் போன பின் சில மணி நேரமும் மட்டும் வேகத்தைக் கூட்டி, மற்ற நேரம் மெதுவாக ஓட விடலாம்.

வரியும் பதிவேடும்

இவ்வருமானம் வரிக்குரியது. வாடகைக்குப் பயன்பட்ட விகிதத்தில் வேதிப்பொருள், பழுதுபார்ப்பு, காப்பீடு ஆகிய செலவுகளைக் கழித்துக்கொள்ளலாம். துண்டு, உணவு, நீச்சல் பயிற்சி போன்ற சேவைகளையும் சேர்த்து அளித்தால் அது வாடகையாக அல்லாமல் தொழிலாகக் கருதப்பட்டு, வருமான வரியோடு 15.3 விழுக்காடு சுயதொழில் வரியும் சேரக்கூடும்.

இதற்காக ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, ஒவ்வொரு முன்பதிவுக்கும் தேதி, நேரம், வந்தவர் எண்ணிக்கை, வாங்கிய பணம் ஆகியவற்றை எழுதி வருவது வழக்கம். அதே வரியில் பிஎச் அளவையும் குளோரின் அளவையும், அடிமூடியையும் வேலிக் கதவையும் பார்த்த நேரத்தையும் குறித்து வைக்கலாம். சுகாதார ஆய்வாளரோ காப்பீட்டு நிறுவனமோ கேட்கும் நாளில், வீட்டுக்காரரின் கையில் காட்டுவதற்கு இருப்பது அந்தப் பக்கங்கள் மட்டுமே.